மெழுகின் மீது பழி

நவம்பர் 19, 2018, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கூடத்தில் மூன்று இடத்தில் ஒழுகுகிறது. சாரங்கியையும் தில்ரூபாவையும் கட்டிலுக்கு மாற்றிவிட்டு, அவை இருந்த இடத்தில் வாளியும் குத்துப்போணியும் வைத்தேன். மத்தியானம் சற்றுக் கண்ணயரலாம் என்று போனால் கட்டிலில் சாரங்கி படுத்திருக்கிறது. கல்யாணமாகி நாற்பத்து நாலு வருஷமாக இதே கதைதான். வாத்தியத்துக்கு இடம் போக மிச்சம் இருந்தால் நமக்கு.

இவரிடம் சொன்னால், "மழைக்கு ஒதுங்குன விருந்தாளிக, வடிவு. நாம ரெண்டுநாள் தரையில கெடந்தா தேஞ்சா போயிருவோம்?" என்கிறார். பிடில் ஆவுடையப்பன் என்றால் திருநெல்வேலியில் தெரியாதவர் இல்லை. இப்போது எழுபத்தாறு வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டன. தரையில் உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டும். வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

சாயங்காலம் கல்லூரியிலிருந்து ரெஜினா டீச்சர் போன். இசைத்துறைக்குக் கட்டிய புதுக்கூடம் தயாராம். ஜனவரி பத்தொன்பது திறப்பு. நாங்கள் இத்தனை வருஷம் ஊர் ஊராக அலைந்து சேர்த்த பழைய தந்தி வாத்தியம் அத்தனையும் அதற்கு முன்னால் அங்கே போய்க் கண்ணாடி அலமாரிக்குள் இருந்துகொள்ளும். திறப்பன்று ஏகாண்ட வீணையை நான் வாசிக்க வேண்டும், இவர் கூடப் பிடில் வாசிக்க வேண்டும். அது முடிந்ததும் அந்த வீணையும் உள்ளே போய்விடும். பிறகு நான் அதைத் தொட முடியாது.

இரண்டு பேரும் பேசி எடுத்த முடிவுதான். வீடு விழுவதற்குள், நாங்கள் விழுவதற்குள், நல்ல இடத்தில் சேர்த்துவிட வேண்டும். துடைக்கவும் தூக்கவும் உடம்பில் தெம்பு இல்லை. ஆனாலும் போனை வைத்தபிறகு எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. உளுந்து ஊறப்போட மறந்துபோனேன்.

நவம்பர் 22, வியாழன்

ஏகாண்ட வீணைக்கு மேளம் கட்ட, அதாவது மெழுகில் மெட்டுகளைப் பதிக்க, ஆரம்பித்தோம். குடமும் தண்டியும் ஒரே பலாமரத்தில் குடைந்தது, ஒட்டு என்பதே கிடையாது. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜமீன் வீட்டு மாட்டுக்கொட்டகைப் பரணில் வெங்காய மூட்டைக்கு அடியில் கிடந்தது. இவர் பரணில் ஏறி, "ஏட்டி வடிவு, இதுக்கு யாளி மூஞ்சி இருக்கு!" என்று கத்தியதில் கீழே மாடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டது. பஸ்ஸில் கிடைத்த ஒரு சீட்டில் வீணையை உட்காரவைத்துவிட்டு நாங்கள் இருவரும் ஊர் வரை நின்றுகொண்டே வந்தோம். அந்தக் கூத்தை நினைத்தால் இப்போதும் கால் கடுக்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு உண்டு. மரமும் மெழுகும் அவர் பாடு, காது என் பாடு. மெழுகைச் சூடுகாட்டி, பித்தளை மெட்டை அதில் பதித்து, அவர் மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார். நான் தந்தியை மீட்டிக்கொண்டே இருந்து, ஸ்வரம் வந்து உட்கார்ந்ததும் "ம்" என்பேன். அந்த இடத்தில் அழுத்திவிடுவார். இந்த வீட்டு வாத்தியம் ஒவ்வொன்றும் என் "ம்"மில்தான் நிற்கிறது. தன் பிடிலைக்கூட நான் கேட்டுச் சரி என்றால்தான் மேடைக்கு எடுத்துப்போவார். ஆவுடையப்பனுக்குக் காது பெண்டாட்டியிடம் இருக்கிறது என்று ஊரில் கேலி செய்வார்கள். அதற்கும் சிரிப்பார்.

கீழ் ஸ்தாயி இன்று முடிந்தது. மேல் ஸ்தாயி மெட்டுகள்தான் சண்டித்தனம் செய்கின்றன. எல்லாம் சுருதி தூக்கலாக நிற்கிறது. "எறக்குங்க, இன்னும் எறக்குங்க" என்றால் என் முகத்தைப் பார்க்கிறாரே தவிரக் கை நகரவில்லை.

"என்ன, கை நடுங்குதா?"

"ஆமா" என்றார்.

நவம்பர் 27, செவ்வாய்

நேற்று அருமையாக உட்கார்ந்த மெட்டு இன்று மறுபடியும் தூக்கல். என்ன இழவோ தெரியவில்லை. மெழுகில்தான் கோளாறு. மெழுகுக்காரன் தேன்மெழுகு என்று சொல்லி மெழுகுவத்தியை உருக்கிக் கொடுத்திருப்பான். வேறு கடையில் வாங்கிவரச் சொன்னேன். நொண்டிக்கொண்டே ரத வீதி வரை போய் வாங்கி வந்தார். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அதுவே எனக்கு எரிச்சல். மனுஷன் பதிலுக்குச் சண்டை போட்டால்தானே நமக்கும் ஒரு பிடிமானம்.

மத்தியானம் அவியல். வாழைக்காய் வேகவில்லை.

டிசம்பர் 3, திங்கள்

புது மெழுகும் அதே லட்சணம்தான்.

டிசம்பர் 5, புதன்

பூனாவிலிருந்து மகள் மதி போன். குரல் கீச்சுக்கீச்சென்று கிளிக்குஞ்சு மாதிரி இருந்தது. "தொண்ட கட்டியிருக்கு பாரு, சுக்குக் கசாயம் வச்சுக் குடிட்டி" என்றேன். தனக்கு ஒன்றுமில்லை என்கிறாள். பெற்றவள் சொல்லி அவள் எப்போது ஒத்துக்கொண்டாள்.

"வாத்தியம் எல்லாம் போனப்புறம் அந்த ஒழுகுற வீட்ல என்னம்மா வேல? ரெண்டு பேரும் இங்க வந்திருங்க" என்றாள். பார்க்கலாம் என்றேன். மூன்றாவது மாடியில் இருக்கிறது அவள் வீடு. இவரைத் தூக்கிக்கொண்டு யார் ஏறுவது?

டிசம்பர் 9, ஞாயிறு

நாள் முழுக்கத் துடைப்பு. இவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்தார். மயில் தலை வைத்த தாவூஸ் வாத்தியத்தை எடுத்ததும் நிறுத்திவிட்டார். அதை வாங்கிய அன்றுதான் நான் மதியை உண்டாகியிருப்பது தெரிந்தது. லக்னோ ஸ்டேஷனில் வாந்தி எடுத்துக்கொண்டே அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிங்கத்தலைப் பிடில் வந்த வருஷம் இவருடைய அப்பா தவறினார். மலையாளத்துப் புள்ளுவ வீணை வந்த வருஷம் எனக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். மற்றவர்கள் வீட்டில் போட்டோ இருக்கும். எங்களுக்கு இவைதான்.

இடுப்பு விட்டுப்போகிறது. சேர்த்தது போதும், ஆசைப்பட்டது போதும் என்றிருக்கிறது. ஏகாண்ட வீணை ஒன்று மட்டும் ஒழுங்காக நின்றுவிட்டால் நிம்மதியாக ஒப்படைத்துவிடுவேன்.

டிசம்பர் 14, வெள்ளி

ரெஜினா டீச்சர் வந்திருந்தாள். என்னிடம் பன்னிரண்டு வருஷம் வீணை படித்தவள், இப்போது துறைத்தலைவி. ஏகாண்ட வீணையை வாசித்துக் காட்டினேன். காலையில்தான் இவரை வைத்து மேல் ஸ்தாயியை எல்லாம் இறக்கிச் சரிசெய்யவைத்திருந்தேன். இவர் அடுப்படியில் காப்பி கலக்கப் போய்விட்டார். நான் இருக்க இவர் என்றைக்குக் காப்பி கலந்தார்!

வாசித்து முடித்ததும் அவள் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நல்லா இருக்கும்மா" என்றாள். முகம் சரியில்லை. உடம்புக்கு முடியவில்லை போலும். காப்பியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டாள். வாசலில் நின்று இவரோடு நேரம் போவது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன். "அலமாரி அளவு கேட்டா" என்றார்.

டிசம்பர் 17, திங்கள்

மார்கழி பிறந்தாயிற்று. கோயில் ஒலிபெருக்கியில் பாடுகிற பெண்கள் மேலே போனாலே சுருதியை விட்டு எகிறுகிறார்கள். போன வருஷம் வரை நன்றாகத்தான் பாடினார்கள். யார் சொல்லிக்கொடுப்பது இப்போது? ஊரில் யாருக்கும் காது இல்லாமல் போய்விட்டது.

டிசம்பர் 21, வெள்ளி

கை ஓய்ந்து கிடக்கிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

கோயிலுக்குப் போனவள் கூட்டத்தைப் பார்த்துப் பாதியில் திரும்பிவிட்டேன். கதவு ஒருக்களித்திருந்தது. கூடத்தில் இவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். அந்த முழங்காலோடு எப்படி உட்கார்ந்தாரோ! பக்கத்தில் ஸ்பிரிட் விளக்கு, சூடுகாட்டிய கத்தி. ஏகாண்ட வீணை மடியில். காதைத் தண்டியில் ஒட்டவைத்துக்கொண்டு மெதுவாக மீட்டி, மேல் ஸ்தாயி மெட்டு ஒன்றை மேலே தள்ளுகிறார். இன்னொரு மீட்டு, இன்னொரு தள்ளு. அப்புறம் தனக்குத்தானே "ம்" என்றார்.

எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது.

"என்ன செய்தீங்க அங்க?"

கத்தியைக் கீழே போட்டுவிட்டார். "மெழுகு இளகியிருந்துச்சு வடிவு. அழுத்தி விட்டேன்."

"பொய். ஒரு மாசமா இதத்தான் செய்தீங்களா? நான் வைக்க, நீங்க கலைக்க? நான் மெழுகுக்காரனத் திட்டிட்டுக் கெடக்கேன், நீங்களும் பாத்துட்டே இருக்கீங்க!"

ஸ்பிரிட் விளக்கை ஊதி அணைத்தார்.

"காது போயிட்டுன்னா வாயத் தொறந்து சொல்லணும். எழுபத்தாறு வயசுல காது போறதுல என்ன வெக்கம்? அதுக்காக ஒரு அருமையான வீணையவா நாசம் பண்ணுவீங்க?"

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆமா வடிவு. காது போயிட்டு" என்றார்.

ஒத்துக்கொண்டாரே என்று எனக்குத் திருப்தியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. எழுந்திருக்க முடியாமல் தவித்தார். கை கொடுத்துத் தூக்கிவிட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான்.

டிசம்பர் 22, சனி

பேசவில்லை. இட்லி வைத்தேன். சாப்பிட்டார்.

டிசம்பர் 24, திங்கள்

மெழுகுவேலையையும் நானே செய்துவிட்டேன். விரல் நுனி இரண்டு கொப்பளித்துவிட்டது. ஆனால் மேல் ஸ்தாயி முழுவதும் நான் நினைத்த இடத்தில் நிற்கிறது. இனி யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் இவராகவே பிடிலை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "சேந்து வாசிப்பமா?" என்றார். இரண்டு நாள் கழித்து முதல் பேச்சு. சங்கராபரணம் வாசித்தோம். மேலே போகப்போக என் மெட்டுக்கு அவர் வில் கொஞ்சம்கூட விலகவில்லை. ஒரே வாத்தியம் மாதிரி இழைந்தது. பார்த்தீர்களா, நான் சொன்னதுதானே சரி என்றேன். தலையாட்டினார். நெற்றியெல்லாம் வேர்வை, மார்கழியில்!

காது போன மனுஷன் எப்படி இவ்வளவு சுத்தமாக வாசிக்கிறார்? எல்லாம் பழக்கம்தான். கோபம் பாதி ஆறிவிட்டது. ராத்திரிக்கு அவருக்குப் பிடித்த ரசவடை போட்டேன்.

டிசம்பர் 28, வெள்ளி

மதி போன் செய்தாள். வலது காதில் கம்மல் உறுத்தியது என்று பேச்சின் நடுவே போனை இடது காதுக்கு மாற்றினேன். கிளிக்குஞ்சு போய்விட்டது. என் மகளின் சொந்தக் குரல் வந்தது.

"ஏட்டி, தொண்ட சரியாயிட்டா?"

"எனக்கு எப்பம்மா தொண்ட கட்டுச்சு?"

மறுபடி வலது காதுக்குக் கொண்டுபோனேன். கிளிக்குஞ்சு. இடதுக்கு. மதி. அடுப்பில் பால் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

இவர் மேஜை இழுப்பறையில் டியூனிங் ஃபோர்க் இருக்கிறது. முழங்கையில் தட்டி இடது காதில் வைத்தேன், பிறகு வலது காதில். வேறு வேறு ஸ்வரம். திரும்பத் தட்டினேன். ஒரே இரும்பு இரண்டு காதுக்கும் இரண்டு பேச்சுப் பேசுகிறது. வலது காது தூக்கலாகக் கேட்கிறது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மார்கழிப் பாட்டுப் பெண்கள் ஒழுங்காகத்தான் பாடியிருக்கிறார்கள். ரெஜினாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மெழுகுக்காரன் பாவம், என் வாயில் என்னபாடு பட்டான். இத்தனை நாளும் மெட்டை இறக்கி இறக்கி வீணையைக் கெடுத்தவள் நான். மேலே ஏற்றிச் சரிசெய்தவர் இவர்.

அப்புறம்தான் திங்கட்கிழமை வாசித்த சங்கராபரணம் ஞாபகம் வந்தது. நான் வைத்தது தப்பு என்றால், அதோடு அப்படி இழைந்த பிடிலும் தப்பாகத்தான் வாசிக்கப்பட்டிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் சுருதி சேரவில்லை என்று ஜன்னலைச் சாத்துகிற மனுஷன், விரலை ஒவ்வொரு ஸ்வரத்திலும் வேண்டுமென்றே கீழே வைத்து, வேர்க்க வேர்க்க, எனக்காக அபஸ்வரம் வாசித்திருக்கிறார்.

அழுகை வரவில்லை. பயமாக இருந்தது. தோசை வார்த்தேன். சட்னியில் உப்பு அதிகம் என்று நானே சொல்லிக்கொண்டேன், அவர் சொல்லமாட்டார்.

டிசம்பர் 31, திங்கள்

கடைக்கு என்று சொல்லிவிட்டுப் பாளையங்கோட்டையில் காது டாக்டரிடம் போனேன். சின்ன அறைக்குள் வைத்து அடைத்துச் சோதித்தார். நரம்புத் தேய்வாம், வயதுக்கு வருவதாம். வலது காதில் மேல் ஸ்வரம் எல்லாம் இடம் மாறிக் கேட்குமாம். இடது காதில் ஸ்வரம் இடம் மாறவில்லை, ஆனால் கேட்பதே பாதி குறைந்துவிட்டது.

"மிஷின் வச்சா சரியாகுமா?"

"சத்தமாக் கேக்கும்மா. கோணலாக் கேக்குறது சத்தமான கோணலா இருக்கும்."

உண்மையைச் சொன்ன புண்ணியவான். வலது காதில் பஞ்சை வைத்து அடைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கிணற்றுக்குள்ளிருந்து உலகத்தைக் கேட்பதுபோல இருந்தது. டவுன் ஆர்ச் பக்கத்தில் எடுத்து எறிந்துவிட்டேன்.

ஜனவரி 2, 2019, புதன்

காலையில் காப்பியை அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"எப்பருந்து தெரியும்?"

எது என்று கேட்கவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டு, "ஆவணியில" என்றார். "நீ தம்புராவுக்குச் சுருதி சேக்கையில தெரிஞ்சுது. சளியா இருக்கும், போயிரும்னு நெனச்சேன்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"என்னன்னு சொல்லுவேன்? இந்த வீட்ல காது நீ. ஒனக்குக் காது போச்சுன்னு நான் எந்த வாயால சொல்ல?"

"அதுக்கு, உங்களுக்குப் போயிட்டுன்னு சொல்லிட்டீங்க."

"நீதானட்டி சொன்ன. நான் ஆமான்னேன். அவ்வளவுதான்."

"அன்னைக்கு ஏன் என்கூட அபஸ்வரமா வாசிச்சீங்க? நான் பாத்தீங்களான்னு வேற கேட்டேன். இப்ப நெனச்சா நாக்கப் பிடுங்கிக்கிடலாம்போல இருக்கு."

"ரெண்டு நாளா நீ பேசல வடிவு. நீ பேசுனாப் போதும்னு இருந்துச்சு. சுருதி கெடக்குது கழுத" என்றார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. திட்டிக்கொண்டே அழுதேன். நீங்கள் என்னை ஏமாற்றினீர்கள் என்றேன். நான் வாசிப்பது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று இனி யாரைக் கேட்பேன், உங்களையும் நம்ப முடியாமல் ஆக்கிவிட்டீர்களே என்றேன். அதுதான் எனக்குக் காது போனதைவிடப் பெரிய அடி. அவருக்கு அது உறைத்தது. முகம் சுண்டிவிட்டது. என் மனசு நோகக்கூடாது என்று இனி ஒரு பொய்யும் சொல்லமாட்டேன் என்றார். சொல்லிவிட்டார், எப்படி நம்புவது?

ஜனவரி 3, வியாழன்

ரெஜினாவை வரச்சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். திறப்பன்று நான் மேடையில் உட்கார்ந்திருந்தால் போதும், தன் மாணவி ஒருத்தி வாசிக்கட்டும் என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்கும் சரி என்று தலையாட்டிவிடலாம் போலத்தான் இருந்தது. களைத்துப்போயிருக்கிறேன். நாலு பேர் முன்னால் அசிங்கப்பட வேண்டாம்.

இவர் குறுக்கே விழுந்தார். "மெட்டு சரியான எடத்துல இருந்தா, வெரல் சரியான எடத்துல விழுந்தா, ஸ்வரம் சரியாத்தான் வரும். அவ காதுக்கு எப்பிடிக் கேட்டா என்ன? வெரலுக்கு அறுபது வருசப் பழக்கம் இருக்கு."

"கமகத்த என்ன செய்ய? அதுக்குத் தந்திய இழுக்கணுமே, காது வேணுமே?" என்றேன்.

"இழுக்குற அளவும் வெரலுக்குத் தெரியும்."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா சொல்லுதேன்."

பார்ப்போம் என்று ரெஜினாவை அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 6, ஞாயிறு

மேல் ஸ்தாயி மெழுகு முழுவதையும் இளக்கிவிட்டு ஆரம்பத்திலிருந்து கட்டினோம். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, வீணையை மேஜையில் வைத்து, மெட்டை நகர்த்தியது நான். கேட்டது அவர். முதல் மெட்டுக்கே அவருக்கு வேர்த்துவிட்டது. "எனக்குப் பயமா இருக்கு வடிவு. நான் தனியா ஒண்ணையும் முடிவு பண்ணதே இல்ல" என்றார்.

"ஒரு மாசமா திருட்டுத்தனமா முடிவு பண்ணுனீங்களே?"

"அது நீ மறுநா மாத்திருவன்னு தைரியம்."

சிரித்துவிட்டேன். பிறகு வேலை நடந்தது. ஒவ்வொரு மெட்டும் அவர் நிறுத்தச் சொன்ன இடத்தில் எனக்கு நாராசமாகக் கேட்டது. இறக்கு, இறக்கு என்று கை பரபரத்தது. இறக்கவில்லை. அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

ஜனவரி 12, சனி

தினமும் சாதகம். தப்பினால் உடனே சொல்லிவிட வேண்டும் என்று விதி போட்டிருக்கிறேன். இவர் எதிரே உட்கார்ந்து "தூக்கல்", "குறைவு" என்கிறார். குரல் என்னவோ மன்னிப்புக் கேட்கிறமாதிரி வருகிறது. நேற்று ஒன்றுமே சொல்லவில்லை. நன்றாக வாசித்தேனா, பாவம் என்று விட்டுவிட்டாரா? கேட்டால் நன்றாக இருந்தது என்கிறார். இதே முகத்தோடுதானே முன்னேயும் சொன்னார்.

ஜனவரி 17, வியாழன்

பொங்கல் முடிந்த கையோடு கல்லூரி வேன் வந்தது. வாத்தியங்களைப் பழைய போர்வை, புடவைகளில் சுற்றி ஏற்றினோம். இவர் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு அனுப்பினார். வேன் திரும்பினதும், "இன்னைக்குக் கட்டில்ல படுக்கலாம்" என்றார். கூடத்தில் நடந்தால் காலடி எதிரொலிக்கிறது. ஏகாண்ட வீணையும் பிடிலும் மட்டும் மூலையில்.

ஜனவரி 19, சனி

முடிந்தது.

கூடம் நிறைந்திருந்தது. கண்ணாடிக்குள் எங்கள் தாவூசும் சாரங்கியும் குளித்துத் தலைவாரி உட்கார்ந்தவை போல இருந்தன. ரெஜினாவின் மாணவி தம்புராவோடு பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் வீணையைக் கொடுத்துவிட்டு எழுந்துவிடலாமா என்று கடைசி நிமிஷம் வரை நினைத்தேன்.

சங்கராபரணமே எடுத்தேன். கீழே இருந்தவரை பயமில்லை. மேல் ஸ்தாயிக்குப் போனதும் ஆரம்பித்தது. என் வீணை ஒரு பக்கம், என் காது ஒரு பக்கம். பிடில் வேறு அதே தப்பான இடத்தில் கூட வந்து கத்துகிறது. பல் கூசியது. குறை, குறை என்று உடம்பு முழுக்கக் கெஞ்சியது. நான் இவருடைய இடது கை விரலைப் பார்த்தேன். அது எங்கே நின்றதோ அதையே நம்பி வாசித்தேன். இத்தனை வருஷம் அந்த மனுஷன் என்னை நம்பி மேடை ஏறியது இப்படித்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

முடித்ததும் கைதட்டினார்கள். ரெஜினா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து கட்டிக்கொண்டாள். யார் என்ன சொல்லியும் எனக்கு மனசு நிறையவில்லை. வயசானவளுக்குக் கைதட்டுவார்கள். கண்ணீர் விடுவார்கள். அதை வைத்து என்ன தெரியும்? வீணையைக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டினார்கள். யாளி முகத்தைத் தடவிக்கொடுக்கக்கூட மறந்துவிட்டேன்.

ஆட்டோவில் ஏறினோம். எனக்குப் பொறுக்கவில்லை.

"எப்பிடி இருந்துச்சு?"

"ஒனக்கு எப்பிடிக் கேட்டுது?"

"கண்றாவியா இருந்துச்சு."

தலையாட்டினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு எடத்துல தப்பிட்ட வடிவு" என்றார். "ரெண்டாவது தடவ மேல போகையில. காந்தாரம் கொறஞ்சுபோச்சு. மத்ததெல்லாம் சுத்தம்."

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் என் வாசிப்பில் தானாக ஒரு தப்புச் சொன்னதில்லை. நான் போட்ட விதிக்காக வீட்டில் உட்கார்ந்து "தூக்கல்", "குறைவு" என்றது வேறு. எல்லாம் முடிந்து, இனி திருத்த வழியில்லாதபோது, என் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு சொன்னார்.

எனக்கு அந்த இடம் நன்றாக நினைவிருந்தது.

"அந்த ஒரு எடந்தான் எனக்கு நல்லாக் கேட்டுச்சு" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முதலில் அவருக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு எனக்கு. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். நாங்கள் வீடு வரும்வரை நிறுத்தவில்லை.